பெண்ணுக்கும் உத்தியோகம் கேட்ட கவிஞர்

ஏழு வயதுச் சிறுமி. அவள் கழுத்தில் தாலி!

மாப்பிள்ளைக்கு வயது 14. 1897ஆம் ஆண்டு நடந்த கல்யாணம் அது. சிறுமியின் பெயர் செல்லம்மாள். மாப்பிள்ளைதான் பின்னாளில் மகாகவி பாரதியார் என்று புகழ் பெற்றவர்.

பெண் விடுதலைக்குக் குரல் கொடுத்த கவிஞரின் இல்வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

மனம் மாறியது

பாரதியார் 1882 டிசம்பர் 11ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். சென்னைக்கு வந்து பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1905இல் பெண்களுக்கான "சக்கரவர்த்தினி" என்ற பத்திரிகையின் ஆசிரியர் ஆனார்.

காங்கிரஸ் மகாசபைக்காக வடநாடு சென்றபோது நிவேதிதா அம்மையாரைச் சந்தித்தார். அயர்லாந்தில் பிறந்து, இந்தியாவுக்குத் தொண்டு செய்ய வந்தவர் அவர். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அம்மையார் கேட்டார். பெண்களை அடைத்து வைத்துவிட்டு நாட்டுக்கு விடுதலை தேடுவது வீண் என்று எடுத்துச் சொன்னார். அந்தச் சொல் பாரதியாரின் நெஞ்சில் தைத்தது. அம்மையாரையே குருவாக ஏற்றார்.

புதுவை வாழ்வு

1908இல் "இந்தியா" பத்திரிகை மீது ஆங்கில அரசாங்கம் வழக்குப் போட்டது. பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பத்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். ஈசுவரன் தர்மராஜா கோவில் தெருவில் அவர் குடியிருந்த வீடு பிற்காலத்தில் நினைவு இல்லம் ஆயிற்று.

வீட்டிலோ வறுமை! சமையலுக்கு வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டார் என்று சொல்வார்கள். அடுத்த வேளைக்கு வழி தேட வேண்டியவர் செல்லம்மாள் அல்லவா? பெண் விடுதலையைப் பாடியவர் வீட்டிலும் அடுப்படிச் சுமை பெண் தலையில்தான் இருந்தது.

என்ன கேட்டார்?

பெண்ணுக்குக் கல்வி தந்தால் போதும் என்றனர் சிலர். சட்டமும் சொத்துரிமையும் வேண்டும் என்றனர் வேறு சிலர். சொந்தச் சம்பாத்தியம் இல்லாமல் விடுதலை இல்லை என்றனர் இன்னும் சிலர். பாரதியார் எல்லாவற்றையும் சேர்த்தே கேட்டார்.

பெண் விடுதலை பற்றிய தம் கட்டுரையில் அவர் ஒரு பட்டியலே தந்தார். பருவம் அடையுமுன் கல்யாணம் கூடாது. மனம் இல்லாதவனுக்குக் கட்டி வைக்கக் கூடாது. சொத்தில் சமபங்கு வேண்டும். உயர்கல்வி எல்லாம் வேண்டும். கல்யாணமே வேண்டாம் என்பவள் வியாபாரமோ கைத்தொழிலோ செய்து கௌரவமாகப் பிழைக்கலாம். தகுதி இருந்தால், அரசாங்க உத்தியோகம் எதையும் சட்டம் அவளுக்கு மறுக்கக் கூடாது.

பெண் வேலைக்குப் போவதே குற்றம் என்று ஊர் பேசிய காலம் அது!

பேனா பிடித்த பெண்கள்

1918இல் பாரதியார் புதுவையை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே கைதாகி, பிறகு விடுதலையானார். 1921 செப்டம்பரில் சென்னைத் திருவல்லிக்கேணியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

செல்லம்மாளுக்கு வயது 31தான் இருக்கும். அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. மறு ஆண்டே "பாரதி ஆச்ரமம்" என்ற பெயரில் கணவரின் பாடல்களை அச்சிட்டு வெளியிட்டார். மகள்கள் தங்கம்மாளும் சகுந்தலாவும் தந்தையைப் பற்றி எழுதினர். புதுவையில் அவரிடம் பாட்டுக் கேட்டு வளர்ந்த நண்பரின் மகள் யதுகிரியும் நினைவுகளை எழுதி வைத்தார்.

சம வேலைக்குச் சம கூலி தரும் சட்டம் 1976இல் வந்தது. வேலை இடத்தில் பெண்ணைத் தொல்லையிலிருந்து காக்கும் சட்டம் 2013இல் வந்தது. ஆனால் வேலைக்குப் போய் வந்த பெண்ணுக்கு அடுப்படி இன்னும் காத்திருக்கிறது. அந்தச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளச் சட்டம் தேவையில்லை. வீட்டில் உள்ளவர்கள் மனம் வைத்தால் போதும்.