மூச்சில் கலந்த நஞ்சை அளந்தவர்

முதல் உலகப்போரில் விமானியாகப் புறப்பட்ட இளைஞர் ஒருவர், நுரையீரல் காசநோயுடன் தாயகமாகிய இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவரே ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். 1897ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த அவர், உடலியங்கியல் அறிஞர் லெனார்டு ஹில்லின் மகன். தந்தையின் வழியில் மருத்துவம் பயில விரும்பியவரை நோய் நெடுங்காலம் படுக்கையில் கிடத்தியது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அஞ்சல்வழியில் பொருளியல் கற்று, 1922இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பின்னர்ப் புள்ளியியலில் தேர்ந்து, மருத்துவர்களுக்கே அத்துறையைக் கற்பிக்கும் பேராசிரியராக உயர்ந்தார்.

தெற்கு வேல்சில் நிக்கல் உலோகத்தைத் தூய்மைப்படுத்தும் ஆலை ஒன்று இருந்தது. அங்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் உழைத்தனர். 1939இல் ஹில் அவர்களுடைய இறப்புகளை ஆராய்ந்தார். இறந்தவர்களை எண்ணுவது எளிது. அந்த எண்ணிக்கை மிகுதியா, இயல்பா என்று அறிவதே அரிது. எனவே, நாடு முழுவதும் ஒவ்வொரு வயதினரும் இறக்கும் வீதத்தைக் கொண்டு, இத்தொழிலாளருள் எத்தனை பேர் இறந்திருக்கக்கூடும் என்று முதலில் கணித்தார். 1929 முதல் 1938 வரை நுரையீரல் புற்றுநோயால் ஒருவர் இறந்திருக்கலாம். இறந்தவரோ 16 பேர். மூக்கறைப் புற்றுநோயால் ஒருவர்கூட இறப்பதற்கு வாய்ப்பில்லை. இறந்தவரோ 11 பேர். பிற உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய்களோ எதிர்பார்த்த அளவிலேயே இருந்தன. ஏனைய காரணங்களால் நேர்ந்த இறப்புகள் 67, எதிர்பார்த்தவை 72. வறுமையோ உடல்நலிவோ காரணமாயின், எல்லா நோய்களும் பெருகியிருக்க வேண்டுமன்றோ? மூச்சுக்காற்று செல்லும் வழியில் மட்டுமே கேடு மிகுந்திருந்தது. அதுவும் வேதிப்பணிகளில் ஈடுபட்டோரையே தாக்கியிருந்தது.

அந்த ஆலையின் செயல்முறையில் 1923ஆம் ஆண்டில் சில மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. அதன்பின் பணியில் சேர்ந்த எவருக்கும் மூக்குப் புற்றுநோய் வரவில்லை என்பதை அவருடைய உடனாய்வாளர் ரிச்சர்டு டால் பிற்காலத்தில் கண்டறிந்தார். கொன்ற பொருள் எதுவென்று எவரும் அறியாத நிலையிலும், கொலை நிகழ்ந்த இடத்தை எண்கள் காட்டிவிட்டன.

இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் பெருகியபோது, ஊர்திப் புகையின் மீதும் சாலைத் தாரின் மீதும் ஐயம் எழுந்தது. ஹில்லும் டாலும் 20 இலண்டன் மருத்துவமனைகளின் நோயாளிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். அப்புற்றுநோய் கொண்ட 649 ஆடவருள் புகைபிடிக்காதவர் இருவரே. பிற நோய்கொண்ட 649 ஆடவருள் அத்தகையோர் 27 பேர். இம்முடிவு 1950இல் வெளியாயிற்று. நோயாளியின் நினைவு பிழைபடக்கூடும் என்பதை ஹில் அறிவார். ஆதலால் 1951இல் நாட்டின் மருத்துவர்களுக்கு மடல் எழுதி, அவர்களுடைய புகைப்பழக்கத்தை முன்னரே பதிவுசெய்தார். நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது, பிடித்த சிகரெட்டுகளின் எண்ணிக்கைக்கேற்ப இறப்பு வீதமும் ஏறியது புலப்பட்டது.

1965இல் தொழில்வழி நோய்களை ஆராயும் மருத்துவர்கள் முன் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஒரு பொருளுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு காரணகாரியத் தொடர்புதானா என்பதை ஆராய ஒன்பது கோணங்களை அவர் அதில் வகுத்தார். அவற்றை மாறா விதிகளாக அவர் கருதவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சான்று வேண்டும் என்றும் அவர் கூறவில்லை. மக்கள் விரும்பும் சிகரெட்டைக் கைவிடச் செய்ய மிக வலிய சான்று தேவைப்படலாம். பணியிடத்தில் புற்றுநோய் தரக்கூடிய எண்ணெயை மாற்றுவதற்கு ஓரளவு சான்றே போதும் என்பது அவர் கருத்து.

காசநோயால் இளமையில் சாவின் விளிம்புவரை சென்று மீண்ட ஹில், 1991ஆம் ஆண்டு தம் 93ஆம் வயதில் மறைந்தார்.