ஏழையின் சுவர் நிலைக்க வழி தேடியவர்: ஹசன் ஃபாத்தி

ஏழைகளுக்கு வீடு கட்டித் தர முன்வருவோர் பலர். கட்டிய வீட்டின் வெளிச்சுவர் வெயிலிலும் ஈரத்திலும் எத்தனை ஆண்டுகள் நிற்கும், பழுதுற்றால் அக்குடும்பத்தாரே அதனைச் செப்பனிட இயலுமா என்று எண்ணிப் பார்த்தோரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி.

அன்னார் 1900 மார்ச் 23ஆம் நாள் அலெக்சாந்திரியா நகரில் செல்வக் குடும்பத்தில் தோன்றினார். 1926இல் கெய்ரோவில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றார். தம் குடும்பத்திற்குப் பண்ணை நிலம் இருந்தும், 27 வயது வரை அவர் அங்கு அடியெடுத்து வைத்ததில்லை. பின்னர் சென்று கண்டபோது, குடியானவர் வாழ்ந்த அவல நிலை அவர் நெஞ்சை உலுக்கியது. 1930இல் கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியரான அவர், ஏழையின் வீட்டைப் பற்றியே சிந்திக்கலானார்.

சிமெண்டும் இரும்பும் மரமும் குடியானவனுக்கு எட்டாத விலையில் இருந்தன. அவன் காலடியில் கிடந்ததோ மண். அம்மண்ணுடன் வைக்கோலைப் பிசைந்து அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்திய செங்கல்லே அந்நாட்டின் தொன்மையான கட்டுமானப் பொருள். அதனால் சுவரை எழுப்பிவிடலாம். கூரைக்கோ மரம் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மரமும் இரும்பும் அரிதாயின. மண் செங்கல்லாலேயே வளைவுக் கூரை அமைக்க முயன்றார் ஃபாத்தி. கட்டிய வளைவுகள் இடிந்து விழுந்தன. படித்த நூல்கள் எவையும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

தெற்கே அஸ்வான் பகுதியில் வாழும் நுபியக் கொத்தனார்கள் மரச் சாரமின்றியே வளைவுக் கூரை கட்டுவர் என்று அவர் உடன்பிறந்தார் தெரிவித்தார். 1941இல் அங்குச் சென்ற ஃபாத்தி கண்டது வியப்பூட்டுவது. கொத்தனார் பின்சுவரின் மீது கண்ணளவாலேயே வளைவின் வடிவை மண்ணால் வரைந்தார். வைக்கோல் மிகுதியாகக் கலந்த மெல்லிய செங்கற்களை, முதல் வரிசை பின்சுவரில் சாயுமாறும், அடுத்தடுத்த வரிசைகள் முன்வரிசையின் மேல் சாயுமாறும் ஒட்டிச் சென்றார். சாரமும் இல்லை; அளவு கருவியும் இல்லை. பல்கலைக்கழகம் அறியாத கணக்கை அவ்வுழைப்பாளியின் கை அறிந்திருந்தது. அந்தக் கொத்தனார்களைத் தம் ஆசான்களாக ஏற்று, உடன் அழைத்துவந்து பணி செய்தார் ஃபாத்தி. இதுவே அவருடைய பெருமை.

மண் சுவர் நிலைக்குமா என ஐயுறுவோர்க்கு லக்சர் நகரின் மேற்கரையில் விடை உண்டு. இரண்டாம் ராம்செஸ் மன்னனின் கோயிலருகே உள்ள தானியக் களஞ்சியங்கள் இவ்வகை மண் செங்கல் வளைவுகளே. 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக அவை நிற்கின்றன. மழையே அரிதான அம்மண்ணின் வறட்சியே அவற்றைக் காத்தது.

அவற்றின் அருகில்தான் ஃபாத்திக்குப் பெருஞ்சோதனை காத்திருந்தது. பண்டைக் கல்லறைகளின் மீது குடியிருந்த குர்னா ஊர் மக்களை வேறிடத்திற்கு மாற்ற அரசு முடிவு செய்தது. ஏறத்தாழ 7,000 பேருக்குப் புதிய ஊர் அமைக்கும் பொறுப்பு 1945இல் அவரிடம் வந்தது. தடித்த சுவர், நிழல் தரும் முற்றம், குவிமாடம், காற்று நுழையும் செங்கல் பலகணி எனப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஆயினும் இடம் பெயரும் முடிவு அம்மக்கள் எடுத்ததன்று. அவர்கள் பிழைப்பு பழைய இடத்தோடு பிணைந்திருந்தது. அவர்கள் வர மறுத்தனர். 1948இல் பணி பாதியில் நின்றது. பிற்காலத்தில் நிலத்தடி நீர் மேலெழுந்து உப்பு ஏறியதால், சுவர்களின் அடிப்பகுதி பூத்து உதிர்ந்தது. பல வீடுகள் அழிந்தன. மண் சுவர் வெயிலைத் தாங்கும்; அடியில் ஊறும் ஈரத்தைத் தாங்காது என்பது அங்கே மெய்யாயிற்று.

எனினும் அவர் கொள்கை பொய்க்கவில்லை. 1964இல் கெய்ரோவில் மாதிரி வீடுகள் கட்டிச் சோதித்தபோது, 50 சென்டிமீட்டர் தடித்த மண் சுவர் வீட்டினுள் நாள் முழுதும் வெப்பம் 2 பாகைக்கு மேல் மாறவில்லை. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகை வீடோ பகலில் வெளியைவிட மிகுந்து கொதித்தது. குர்னா அனுபவத்தை அவர் 1969இல் நூலாக்கினார். 1973இல் அது அமெரிக்காவிலும் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 1980இல் ஆகா கான் கட்டடக் கலை அமைப்பின் தலைவர் விருது அவரை நாடி வந்தது. 1989 நவம்பர் 30ஆம் நாள் கெய்ரோவில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! கரண்டியும் தூக்குக்குண்டும் பிடித்த கைகள் நம் குடும்பங்களில் எத்தனை! ஊரார்க்கு மாளிகை எழுப்பிய அக்கைகளின் அறிவை அறிவென்று மதித்தோர் எத்தனை பேர்? நம்முள் பொறியியல் பயில்வோர் அவ்வறிவைத் தாழ்வென்று உதறாது, கல்வியோடு இணைத்தல் வேண்டும். நம் குடியிருப்புகளில் வீடு எழும்போது மூன்றைக் கேளுங்கள்: சுவரின் அடியில் ஈரம் ஏறாதபடி தடுப்பு உண்டா? சுவர் நனையாதபடி கூரை வெளியே நீண்டுள்ளதா? பூச்சு உதிர்ந்தால் நம் கையால், நம் செலவிற்குள் செப்பனிட இயலுமா? குடியிருப்போரைக் கேளாமல் கட்டிய வீடு, எத்துணைத் திறமையோடு கட்டப்பட்டாலும் நிலைப்பது அரிது. ஃபாத்தியின் வெற்றியும் தோல்வியும் ஒருங்கே நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.