மால்குடியை உருவாக்கிய மைசூர்த் தமிழர்

மல்காஜ்கிரி தமிழர்கள் எத்தனையோ ரயில் நிலையங்களைப் பார்த்திருப்பார்கள். மால்குடி ரயில் நிலையத்தை மட்டும் யாரும் பார்த்திருக்க முடியாது. எந்த ரயில்வே அட்டவணையிலும் இல்லாத ஊர் அது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் கற்பனையில் பிறந்த ஊர்.

நாராயண் 1906-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி சென்னையில் பிறந்தார். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். தந்தை கிருஷ்ணசுவாமி அய்யர் மைசூரில் தலைமை ஆசிரியர். பின்னர் மகனும் மைசூர்வாசியானார்.

தலைமை ஆசிரியரின் மகன் கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றார்! 1930-ல்தான் பி.ஏ. பட்டம் கிடைத்தது. ஆசிரியர் வேலைக்குப் போய், சில நாட்களிலேயே விட்டுவிட்டார். எழுதியே பிழைப்பது என்று முடிவு செய்தார். அதே ஆண்டு விஜயதசமியன்று பெங்களூரில் பாட்டி வீட்டில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முதலில் தோன்றியது ஒரு சிறிய ரயில் நிலையம். அதுவே மால்குடி.

ஜாதகம் பொருந்தாது என்ற தடையை மீறி ராஜம் என்ற பெண்ணை மணந்தார். குடும்பச் செலவுக்காகப் பத்திரிகை நிருபராக அலைந்தார். ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவலைப் பதிப்பாளர்கள் பலர் திருப்பி அனுப்பினர். ஆக்ஸ்போர்டில் படித்த நண்பர் பூர்ணா அதை எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொடுத்தார். அவர் முயற்சியால் 1935-ல் அது லண்டனில் வெளிவந்தது.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1939-ல் டைபாய்டு காய்ச்சலில் ராஜம் இறந்தார். கையில் சிறு பெண் குழந்தை. மனம் உடைந்த நாராயண் மறுமணம் செய்யவில்லை. அந்தத் துயரமே 1945-ல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலாயிற்று.

1943-ல் 'மால்குடி டேஸ்' சிறுகதைத் தொகுதி வந்தது. அதில் ராஜா, ராணி இல்லை. நடைபாதை ஜோதிடர் வருகிறார். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று துக்கச் செய்தியை மறைத்து வைக்கும் தபால்காரர் வருகிறார். ரிஜிஸ்தர் தபாலைப் பிரிக்கவே பயந்து புத்தி தடுமாறும் ஓய்வுபெற்ற வாயில் காவலர் வருகிறார். கடைசியில் உறைக்குள் இருந்தது பணம்! சம்பளத்தையும் தபாலையும் எதிர்பார்த்து வாழும் எவருக்கும் இவர்கள் அறிமுகமானவர்களே.

'தி கைடு' நாவலுக்கு 1960-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1964-ல் பத்மபூஷண் பெற்றார். ராஜ்யசபை உறுப்பினராகிப் பள்ளிக் குழந்தைகளின் புத்தகச் சுமைக்காகக் குரல் கொடுத்தார். 1986-ல் சங்கர் நாக் இயக்கிய தொலைக்காட்சித் தொடர், தம்பி லட்சுமணின் சித்திரங்களுடன் மால்குடியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

2001-ம் ஆண்டு மே 13-ந் தேதி, 94-ம் வயதில் சென்னையில் காலமானார்.

மால்குடி தமிழ்நாட்டு ஊரா, கன்னட நாட்டு ஊரா என்று அவர் பிரித்துச் சொன்னதில்லை. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவருக்கு இரண்டுமே சொந்த ஊர். பிழைக்க வந்த ஊரின் தெருவையும் தன் தெருவாகப் பார்த்தவர் கட்டிய ஊர் அது. அதனால்தான் அங்கே யாரும் அன்னியராக இருப்பதில்லை.