26 விழுக்காட்டுக்காகப் பதவியை விலையாகத் தந்தவர்: கர்பூரி தாக்குர்

புது தில்லி: நாட்டின் முதல் பொதுத் தேர்தலில், 1952-இல், பிகார் சட்டப்பேரவைக்கு தாஜ்பூர் தொகுதியிலிருந்து சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் 28 வயது இளைஞர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பிறகு 1988-இல் மறையும் வரை எந்தப் பேரவைத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. ஏறத்தாழ 36 ஆண்டுகள் நீடித்த அந்த அரசியல் வாழ்வில் அவர் முதல்வராக இருந்தது, இரு முறையும் சேர்த்து, இரண்டே கால் ஆண்டுகள் மட்டுமே. அந்தக் குறுகிய காலத்தில் அவர் பிறப்பித்த ஓர் ஆணை அவரது ஆட்சியைக் கவிழ்த்தது; வட இந்திய அரசியலின் திசையையும் மாற்றியது. அவர் கர்பூரி தாக்குர்.

சமஸ்திபூர் மாவட்டத்தின் பிதௌஞ்சியா கிராமத்தில் 1924 ஜனவரி 24-ஆம் தேதி பிறந்தார் கர்பூரி. அக்கிராமம் இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. முடிதிருத்தும் தொழில் செய்துவந்த நாயி சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் குதிப்பதற்காகக் கல்லூரிப் படிப்பைக் கைவிட்டார். 26 மாதங்கள் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் கிராமப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். ராம் மனோகர் லோகியா, ஜெயப்பிரகாஷ் நாராயண் ஆகியோரின் சோஷலிஸக் கொள்கைகள் அவரை ஈர்த்தன.

சாதி பலம் இல்லாத தலைவர்: பிகார் அரசு 2023-இல் வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி நாயி சமூகத்தினர் மாநில மக்கள்தொகையில் சுமார் 1.6 விழுக்காட்டினரே. நில உடைமையும் சாதி எண்ணிக்கையும் வெற்றியைத் தீர்மானிக்கும் ஒரு மாநிலத்தில், இரண்டும் இல்லாத ஒருவர் தொடர்ந்து வென்றது சாதாரணச் செய்தியல்ல. தொழிற்சங்கப் போராட்டங்களும் கிராமந்தோறும் ஓயாத பயணங்களும் அவருக்கு அந்த ஆதரவைத் தேடித் தந்தன. 1960-இல் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை ஆதரித்துச் சிறை சென்றார். 1970-இல் டெல்கோ தொழிலாளர்களுக்காக 28 நாள்கள் உண்ணாவிரதம் இருந்தார்.

ஆங்கிலமும் கர்பூரியும்: பிகாரில் 1967-இல் மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் அமைந்த முதல் காங்கிரஸ் அல்லாத அரசில் துணை முதல்வராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார் கர்பூரி. மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவது கட்டாயம் என்ற விதியை நீக்கினார். ஆங்கிலம் கற்பிக்க ஆளில்லாத கிராமப் பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகள், அந்த ஒரே பாடத்தால் பள்ளிப் படிப்போடு நின்றுவிடுவதைத் தடுப்பது அவரது நோக்கம்.

அதே ஆண்டுகளில் தமிழகம் இந்தித் திணிப்புக்கு எதிரான அரணாக ஆங்கிலத்தைப் பற்றி நின்றது. பிகாரின் சோஷலிஸ்டுகளோ அதே ஆங்கிலத்தை மேல்தட்டினரின் வேலியாகக் கண்டனர். ஆங்கிலம் இன்றித் தேறியவர்களை கர்பூரி டிவிஷன் என்று நகரங்களில் கேலி செய்தார்கள். அம்முடிவு உயர் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பிகார் இளைஞர்களைப் பின்தங்கச் செய்துவிட்டது என்ற விமர்சனம் பின்னாளிலும் ஓயவில்லை.

1970 டிசம்பரில் முதன்முறையாக முதல்வரானார். அந்த அரசு ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. பின்னர் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். நெருக்கடி நிலையின்போது தலைமறைவாகி நேபாளத்திலும் இருந்தார். 1977 மக்களவைத் தேர்தலில் சமஸ்திபூரில் வென்ற அவர், பேரவைத் தேர்தலுக்குப் பின் ஜனதா கட்சியின் சட்டப்பேரவைத் தலைவர் பதவிக்கான போட்டியில் ராஜபுத்திர சமூகத் தலைவர் சத்யேந்திர நாராயண் சின்காவைத் தோற்கடித்து, ஜூன் 24-ஆம் தேதி மீண்டும் முதல்வரானார். பின்னர் புல்பராஸ் இடைத்தேர்தலில் வென்று பேரவைக்குத் திரும்பினார். அவரது அரசு மாநிலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது.

ஆட்சியைக் கவிழ்த்த ஆணை: 1971-இல் அமைக்கப்பட்ட முங்கேரி லால் ஆணையம் 1976-இல் அறிக்கை அளித்திருந்தது. பிற்படுத்தப்பட்ட 128 சாதிகளைப் பட்டியலிட்ட ஆணையம், அவற்றில் 94 சாதிகள் மிகவும் பின்தங்கியவை எனக் கண்டது. அந்த அறிக்கையைச் செயல்படுத்த கர்பூரி முன்வந்தார். 1978 நவம்பரில் மாநில அரசுப் பணிகளில் 26 விழுக்காடு இடஒதுக்கீடு ஆணை பிறந்தது. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12, பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பெண்களுக்கு 3, முற்பட்ட வகுப்புகளின் ஏழைகளுக்கு 3 விழுக்காடு என அது பகிரப்பட்டது.

இந்தப் பகிர்வில்தான் அவரது அரசியல் பார்வை அடங்கியிருந்தது. பிற்படுத்தப்பட்டோர் அனைவருக்கும் ஒரே ஒதுக்கீடு என்றால், நிலமும் ஓரளவு கல்வியும் பெற்றுவிட்ட யாதவ், குர்மி, கோயிரி சமூகத்தினர் முன்னே சென்றுவிடுவர். மீனவர், குயவர், முடிதிருத்துவோர் போன்ற சிறு சாதியினர் வாசலிலேயே நின்றுவிடுவர். இதைத் தவிர்க்கவே தனிப் பங்கு வகுத்தார்.

ஆணைக்கு எதிராக மாநிலம் முழுவதும் வன்முறைப் போராட்டம் வெடித்தது. முதல்வரின் சாதியைச் சுட்டி இழிவான முழக்கங்கள் எழுப்பப்பட்டன. ஆளும் ஜனதா கட்சிக்குள்ளேயே முற்பட்ட வகுப்புத் தலைவர்களும் முன்னாள் ஜனசங்கத்தினரும் அவருக்கு எதிராகத் திரண்டனர். 1979 ஏப்ரலில் அவர் பதவி விலக நேர்ந்தது. எதிர்ப்பாளர்களின் ஆதரவுடன் தலித் தலைவர் ராம் சுந்தர் தாஸ் முதல்வரானார். ஆணையை முழுமையாகத் திரும்பப் பெறும் துணிவு மட்டும் எந்த அரசுக்கும் வரவில்லை.

மீண்டும் அவர் முதல்வராகவில்லை. 1984 மக்களவைத் தேர்தலில் சமஸ்திபூரில் தோல்வியையும் சந்தித்தார். ஆனால் பேரவைக்கு 1980-இல் சமஸ்திபூரும், 1985-இல் சோன்பர்சாவும் அவரை அனுப்பின. எதிர்க்கட்சித் தலைவராகவும் பணியாற்றினார். 1988 பிப்ரவரி 17-ஆம் தேதி, 64-ஆம் வயதில் காலமானார். இரு முறை முதல்வராக இருந்தவர் விட்டுச் சென்ற சொத்து, பூர்விக ஊரில் இருந்த சாதாரண வீடு மட்டுமே என்று அவரை அறிந்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

தீராத கணக்கு: அவரது வழியில் வந்த லாலு பிரசாத் 1990-இல் முதல்வரானார். மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு ஒதுக்கீட்டை அதே ஆண்டில் வி.பி. சிங் அரசு அறிவித்தது. ஆனால் மண்டல் ஆணையம் உள் பகிர்வைப் பரிந்துரைக்கவில்லை, உறுப்பினர் எல்.ஆர். நாயக் மட்டும் அதை வலியுறுத்தி மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். தமிழகத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு 1989-இல் வந்தது. பிற்படுத்தப்பட்டோரை இரு பிரிவாக்குவது செல்லும் என்று 1992-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முற்பட்ட வகுப்பு ஏழைகளுக்கான 10 விழுக்காட்டை ரத்து செய்தது. அதுவும் 2019-இல் அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் மூலம் திரும்பி வந்தது.

பிகார் கணக்கெடுப்பில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36 விழுக்காட்டினர், மாநிலத்தின் மிகப் பெரிய பிரிவினர் என்று தெரிந்த சில மாதங்களில், 2024 ஜனவரி 23-ஆம் தேதி, நூற்றாண்டின் முந்தைய நாளில், கர்பூரிக்கு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அவரை வீழ்த்தக் கைகோத்த ஜனசங்கத்தினரின் வாரிசான பாரதிய ஜனதா கட்சியின் அரசே அதை அறிவித்தது. உள் பகிர்வை மத்திய அளவில் ஆராய 2017-இல் நியமிக்கப்பட்ட ரோகிணி ஆணையம், 2023 ஜூலையில்தான் அறிக்கையை அளித்தது. அப்போது கர்பூரியின் ஆணைக்கு வயது 45-ஐ நெருங்கியிருந்தது.