மல்பெரிக் குச்சியோடு கடல் கடந்தவர்

மணி பிளான்ட் கொடியை வெட்டித் தண்ணீர்ப் பாட்டிலில் போட்டிருப்பீர்கள். செம்பருத்திக் குச்சியை வாசலோரம் ஊன்றியிருப்பீர்கள். குச்சியில் முளைக்கும் ஒரு மல்பெரியை மூன்று கண்டங்களுக்குக் கொண்டுபோன மனிதர், கடைசியில் நம் புதுச்சேரியில்தான் வாழ்ந்து மறைந்தார். வில்லியனூர், பாகூர் பக்கத்து வாசகர்களில் பலர் அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

சாமுவேல் பெரோத்தே 1793-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தார். பாரிஸ் தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரராக இருந்தார். பயனுள்ள செடிகளைத் தேடி 1819-ல் பிரெஞ்சு அரசு ஆசியாவுக்கு அனுப்பிய கப்பலில் இவரும் ஏறினார். மணிலாவில், சீனாவிலிருந்து வந்த ஒரு மல்பெரியைப் பார்த்தார். அகலமான இலை, தரையிலிருந்தே பல தண்டுகள், குச்சியை நட்டால் உடனே வேர் பிடிக்கும் குணம். அதை ரீயூனியன் தீவுக்கும், தென் அமெரிக்காவின் கயேனுக்கும், 1821-ல் பிரான்சுக்கும் கொண்டுபோனார். செடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. உப்புக் காற்றுக்குத் தப்ப வைத்து, கப்பலில் அளந்து கொடுக்கும் நன்னீரைச் செடிக்கும் ஊற்றி, மாதக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். கண்டுபிடித்ததைவிட இதுதான் பெரிய வேலை என்பேன்.

அந்த மல்பெரி அமெரிக்கா போனபோது கதை கெட்டது. 1830-களில் அங்கே பட்டுப்புழுவை மறந்து, குச்சி விற்பதற்காகவே குச்சி வளர்த்தார்கள். விலை தாறுமாறாக ஏறி, 1839-ல் விழுந்தது. பலர் கடனாளி ஆனார்கள். அங்குள்ள குளிரையும் அந்தச் செடி தாங்கவில்லை. எளிதில் வேர்விடும் செடி எளிதில் பெருகும். வாங்க ஆள் இருக்கிறதா என்பது வேறு கணக்கு. நர்சரி போட நினைப்பவர்கள் இதை யோசியுங்கள்.

பெரோத்தே பிறகு செனகலில் அவுரி சாகுபடியில் இறங்கினார். 1842-ல் அவுரி பற்றிப் புத்தகமே எழுதினார். 1830-களில் புதுச்சேரி வந்து, நீலகிரியில் செடிகள் சேகரித்தார். பிறகு திரும்பி வந்து, இன்று பழைய பேருந்து நிலையம் அருகே உள்ள தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டார். அதன் செடிகளின் பட்டியலை 1867-ல் வெளியிட்டார். 1870-ல் இங்கேயே இறந்தார்.

அவர் கொண்டுவந்த வகையைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. எந்த மல்பெரியும் சரி. ஆறு முதல் எட்டு மாதம் முதிர்ந்த, பென்சில் கனமுள்ள கிளையில் மூன்று நான்கு கணு உள்ளபடி ஒரு சாண் நீளம் வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக இருக்கட்டும். மொட்டு மேல்நோக்கி இருக்க, ஒரு கணு மட்டும் வெளியே தெரியும்படி மணல் கலந்த மண்ணில் ஊன்றி, நிழலில் வையுங்கள். தலைகீழாக நட்டால் சரிவராது. துளிர் வந்ததும் இழுத்துப் பார்க்காதீர்கள். குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும், வேர் பிந்தித்தான் வரும். குரோட்டன்ஸ், செம்பருத்திக்கும் ஏறக்குறைய இதே முறைதான். நுனியில் இரண்டு இலை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஐப்பசி மழையில் தொட்டியில் தண்ணீர் நின்றால் குச்சி அழுகும். அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குச்சிக்காகப் பூங்காவில் கிளையை ஒடிக்க வேண்டாம். பட்டு விவசாயி யாராவது தெரிந்தவராக இருந்தால், கவாத்து செய்யும் நாளில் போய்க் கேளுங்கள், கட்டுக்கட்டாகக் கிடக்கும்.