பொம்மை காட்டிய உண்மை

என்னைச் சின்ன வயசுல கருப்பின்னுதான் கூப்பிடுவாங்க. அதனாலயே மேமி கிளார்க் அம்மையாரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இவர் 1917-ல் அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தார். கணவர் கென்னத்துடன் சேர்ந்து, 3 முதல் 7 வயதுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார். பாதிக்கும் மேல் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்றதும் சில பிள்ளைகள் அழுதே விட்டார்கள்.

நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது தவறு என்று 1954-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க இந்த ஆய்வும் உதவியது. அம்மையார் 1983-ல் மறைந்தார்.

என் தங்கச்சியும் வெள்ளைப் பொம்மைதான் அழகுன்னு சொல்றா. தோழிகளே, இனி யாரையும் நிறம் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி