தெய்வ நம்பிக்கையும் நன்னடத்தையும்

தெய்வ நம்பிக்கையற்றவனிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாகாது என்று நம்மவரில் பலர் உறுதியாக எண்ணுகின்றனர். அன்னாருடைய கவனத்துக்கு ஸ்ரீ ம. சிங்காரவேலு செட்டியாரின் ஜீவிய சரித்திரத்தைக் கொண்டுவர விரும்புகிறோம்.

அவர் 1860-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி சென்னை அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குலத்தில் பிறந்தார். அங்கிருந்து தெற்கே கோவளம் வரையிலும் அதற்கு அப்பாலும் கட்டுமரத்தை நம்பி ஜீவித்த ஜனங்களுக்குக் கடலே வயல். மாதா கோயிலும் தர்காவும் உள்ள கோவளத்திலேயாயினும், அலையில் தத்தளிப்பவனைக் கரை சேர்க்கப் போகிறவன் முதலில் அவனுடைய மதத்தை விசாரிப்பதில்லை. அந்தத் தர்மம் மதங்களுக்கெல்லாம் மூத்தது என்பது நமது அபிப்பிராயம்.

செட்டியார் சட்டம் கற்று ஹைகோர்ட்டு வக்கீலானார். சிருஷ்டிகர்த்தாவைப் பற்றிப் பேசாமலே சீலத்தைப் போதித்த புத்த தர்மம் அவரைக் கவர்ந்தது. மகாபோதி சங்கத்தின் பணியில் ஈடுபட்டார். பின்னர் டார்வினையும் மார்க்ஸையும் ஆழ்ந்து கற்று, நாத்திகத்தை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். 'குடி அரசு' பத்திரிகையில் அவர் எழுதிய விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழ் வாசகர் அறிவர்.

ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது, 1921-இல் வக்கீல் அங்கியைப் பகிரங்கமாகக் கொளுத்தித் தொழிலைத் துறந்தார். 1922-இல் கயா காங்கிரஸில் தொழிலாளருக்காகப் பரிந்து பேசினார். 1923 மே முதல் தேதியன்று சென்னைக் கடற்கரையில், ஹைகோர்ட்டின் எதிரிலும் திருவல்லிக்கேணியிலும், நம் நாட்டிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் தினத்தைக் கொண்டாடினார். 1925-இல் கான்பூரில் கூடிய கம்யூனிஸ்டு மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். இவ்வழியை எல்லோரும் ஒப்புவர் என்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால் 1928-இல் நடந்ததை யாரே மறுக்க முடியும்? ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது செட்டியாருக்கு வயது 68. பேரக் குழந்தைகளோடு வீட்டில் இளைப்பாறும் பிராயம் அது. அவரோ தொழிலாளரின் பக்கம் நின்றார். சர்க்கார் கைது செய்தது. கோர்ட்டு 10 வருஷத் தண்டனை விதித்தது. அப்பீலில் அது குறைந்து, 1930-இல் விடுதலையானார். தண்டனை விதிக்கப்பட்ட அன்று அது குறையுமென்று யார் கண்டார்? மோக்ஷம் கிட்டுமென்றோ, மறுபிறவியில் பலன் கூடுமென்றோ அவர் நம்பியதில்லை. நரகத்துக்கு அஞ்சியும் அவர் அதைச் செய்யவில்லை. ரயில்வேக் கூலியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆதாயம் ஏது? புண்ணியத்தைக் கணக்கெழுதித் தானம் செய்யும் பிரபுக்கள் இதைச் சற்றே யோசிக்கட்டும்.

விடுதலைக்குப் பின்னரும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1935-இல் 'புது உலகம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 86 வயது நிரம்ப ஒரு வாரமே இருக்கையில், 1946 பிப்ரவரி 11-ந் தேதி காலமானார். சுதந்திரக் கொடி ஏறியதைக் காண அவர் இல்லை.